ஏழாம் நம்பர் மலைப் படி

போன வருட ஓட்டம் முடிந்த மூன்றாம் நாள் காலை, பெரட்டுக் களத்தில் எங்களுக்கு வேலை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கங்காணி, யாரையும் பார்க்காமல் ஒரு பேச்சைப் போட்டார்.

"நம்ம தோட்டத்துப் பொம்பளைங்க யாரோ ஓட்டத்துல குறுக்கால பூந்து வந்துட்டாங்களாம். டவுன்ல பேசிக்கிறாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தோட்டத்தில் ஓடிய பெண்கள் இரண்டே பேர். ஒருத்தி நான். மற்றவள் எங்கள் லயத்து வீட்டு வரிசையில் பக்கத்துக் காம்பராவில் குடியிருப்பவள், என்னைவிட நாலைந்து வயது இளையவள். நான் அவளைப் பார்த்தேன். அவள் இடுப்பில் கட்டியிருந்த படங்குத் துணியைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டாள்.

ஏன் குனிந்தாள் என்று நான் ஒரு வருடம் யோசித்தேன்.

ஓட்டத்தைப் பற்றிச் சொன்னால்தான் இது விளங்கும். வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழும்பிலிருந்து வேன்களில் ஆட்கள் எங்கள் தோட்டத்து விளையாட்டு மைதானத்துக்கு வந்து இறங்குவார்கள். வெள்ளைக்காரர்களும் சிலர் வருவார்கள். அங்கிருந்து முப்பது கிலோமீட்டர். தேயிலை மலைகள் வழியாக ஏறி, பைனஸ் மரக் காட்டுக்குள் புகுந்து, றொசல்ல பக்கம் ரயில் பாதை தெரிகிற மேட்டைத் தொட்டு, ஓடையில் இறங்கி, மறுபடி ஏறி அதே மைதானத்துக்கு வர வேண்டும். இந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் காசு கட்டாமல் ஓடலாம். முதல் வருடம் பெண்கள் பெயர் போதவில்லை என்று நலன்புரி அலுவலர் கேட்டபோது, மாட்டேன் என்று எல்லோர் முன்னாலும் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் ஓடினேன். அப்போது எனக்கு நாற்பத்து நான்கு வயது.

ஐந்து மணி பன்னிரண்டு நிமிடம் எடுத்தது. நகங்கள் இரண்டு கறுத்துப் போயின. ஆனால் ஒன்றைக் கண்டுகொண்டேன். ஐந்து மணி நேரம் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் யாருக்கும் பதில் சொல்லவில்லை. நாலு பேர் சேர்ந்து பேசினால் கொழுந்துக் கூடையோடு கடைசி நிரைக்குப் போய்விடுகிற எனக்கு அது பெரிய விஷயம். அடுத்த வருடம், அதாவது போன வருடம், நானே போய்ப் பெயர் கொடுத்தேன். நாலு மணி முப்பத்தொரு நிமிடத்தில் வந்தேன். நாற்பத்தொரு நிமிடம் குறைந்திருந்தது. என் பெயரும் அந்த நேரமும் அச்சடித்த சான்றிதழ் ஒன்று கொடுத்தார்கள். பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் பெயரை அச்சில் பார்த்தது அதுதான் முதல்.

அந்த நாலு முப்பத்தொன்றின் மேல்தான் கங்காணி அன்று காலை சேற்றை எறிந்தார்.

நான் குறுக்கால் போகவில்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடம் அணைத்துச் சத்தியம் செய்வேன் என்ற உறுதி எனக்கு இருந்தது. அப்படியானால் யார் இதைக் கிளப்பிவிட்டது? பக்கத்துக் காம்பராக்காரி எனக்கு ஒன்பது நிமிடம் பிந்தி வந்திருந்தாள். நான் குறுக்கால் போனேன் என்று சொல்ல அவளைத் தவிர வேறு யாருக்குத் தேவை?

அன்றிலிருந்து அவள் செய்கிற எல்லாவற்றுக்கும் நான் ஒரு காரணம் தேடினேன். மலையில் என் பக்கத்து நிரையைப் பிடித்தால், என் மூச்சைக் கவனிக்க வருகிறாள். தூரத்து நிரைக்குப் போனால், மனம் குத்துகிறது. ஒரு நாள் அவித்த மரவள்ளிக் கிழங்கு கொண்டுவந்து கொடுத்தாள்.

"எதுக்கு இது?" என்றேன்.

"திங்கத்தான். வேற எதுக்குக் குடுப்பாங்க?"

"இன்னைக்கு என்னா விசேசம்?"

"கெழங்கு வெந்துருச்சு, அதான் விசேசம். வேணாம்னா குடுங்க, எங்க வீட்டுல தின்ன ஆளு இருக்கு."

அவள் போனபின் என் கணவர் ஒரு துண்டை எடுத்துக் கடித்தார். அவர் ஃபெக்டரியில் கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்பவர், அதிகம் பேசமாட்டார். "நீ பொலிசுல சேந்திருக்கணும் புள்ள," என்று மட்டும் சொன்னார்.

பயிற்சியை ஒளித்துச் செய்தேன். கொழுந்து நிறுத்துவிட்டு வந்ததும் அரிவாளையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு விறகுக்குப் போவதாகக் கிளம்புவேன். மேல் டிவிஷனைத் தாண்டியதும் ஓடுவேன். யாராவது எதிரே வந்தால் நின்று குனிந்து சுள்ளி பொறுக்குவேன். நான் பொறுக்கிய சுள்ளியில் ஒரு தேத்தண்ணி கொதித்திருக்காது. இந்த வருடம் நாலு முப்பதுக்குள் வர வேண்டும் என்பதுதான் கணக்கு. வந்துவிட்டால் எந்த வாயும் அடங்கும். ஹட்டன் பஸ் நிலையத்துப் பக்கம் ஒரு கைக்கடிகாரம் வாங்கினேன். அதையும் நான் நம்பவில்லை. தினமும் ஃபெக்டரிச் சங்கு ஊதும்போது சரிபார்த்தேன். சங்கு ஊதுகிறவரை எவ்வளவு நம்பலாம் என்றும் யோசித்தேன்.

பௌர்ணமிக்கு வருகிற ஒரு போயா லீவன்று பைனஸ் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தேன். முன்னால் ஒரு பெண் குனிந்து சுள்ளி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தாள். அவள்தான். அவள் கையிலும் கயிறு. அவள் காலிலும் ஓடுகிற சப்பாத்து.

"வெறகுக்கா?" என்றாள்.

"வெறகுக்குத்தான்."

"நானும் வெறகுக்குத்தான்."

இரண்டு பேரும் அரைமணி நேரம் உண்மையாகவே விறகு பொறுக்கினோம். ஆளுக்கொரு கட்டு சேர்ந்தது. தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் பின்னால் ஒருவராக லயத்துக்கு வந்தோம். வழியில் அவள் ஏதோ சொல்ல வாயெடுத்ததுபோல இருந்தது. நான் நடையைக் கூட்டினேன்.

இந்த வருட ஓட்டத்து அன்று விடிகாலையில் பனி இறங்கியிருந்தது. கணுக்காலில் ஒரு பட்டி கட்டிவிட்டார்கள். வழியில் இரண்டு இடத்தில் தரையில் பாய் போல ஒன்று விரித்திருப்பார்கள். அதை மிதித்தால் பட்டி மெஷினுக்குச் சொல்லும், இந்த நம்பர் ஆள் இத்தனை மணிக்கு இங்கே வந்தாள் என்று. என் பட்டியைக் கட்டியவர் கொஞ்சம் தளர்வாகக் கட்டியதாகப் பட்டது. அவர் திரும்பியதும் அவிழ்த்து நானே கட்டினேன். கால் முழுக்க சவுக்காரம் தேய்த்திருந்தேன், அட்டை ஏறாமல் இருக்க.

அவள் எனக்குப் பின்வரிசையில் நின்றாள். "மெல்லமா போங்கக்கா, நாங்களும் வரணும்ல," என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

முதல் பத்துக் கிலோமீட்டர் நன்றாகப் போனது. ஆனால் மனம் சும்மா இருக்கவில்லை. ஓரிடத்தில் பாதை காட்ட மரத்தில் கட்டிய ஆரஞ்சு ரிப்பன் போன வருடம் இருந்த பக்கத்தில் இல்லை. யாரோ மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று நின்றுவிட்டேன். பின்னால் வந்த கொழும்புப் பெண் ஒருத்தி கையைக் காட்டிவிட்டு நேரே ஓடினாள். அவள் கடிகாரத்தில் பாதை கோடாகத் தெரிகிறதாம். அவளை நம்பிப் பின்னால் போகலாமா என்று யோசித்ததில் அரை நிமிடம் போனது. தண்ணீர் கொடுக்கிற இடத்தில் மூடி திறந்த போத்தலை வாங்கவில்லை. புதுப் போத்தல் கேட்கவும் கூச்சம். இடுப்பில் கொண்டுவந்த சீனி போட்ட சாயத் தேத்தண்ணியை இரண்டு வாய் குடித்துக்கொண்டேன். ஓடையைத் தாண்டி ஏறும்போது கடிகாரத்தைப் பார்த்தேன். போன வருடத்தைவிட இரண்டு நிமிடம் முன்னால் இருந்தேன். அதையும் இரண்டு தடவை பார்த்தேன்.

முதல் பாயை மிதித்துவிட்டு ஏழாம் நம்பர் மலைக்கு வந்தேன். இந்த மலையை எனக்குப் பதினாறு வயதிலிருந்து தெரியும். எந்தச் செடி எந்தக் கிழமை கொழுந்து விடும் என்று சொல்வேன். மேலே இருந்து பழைய ஸ்டோர் வரைக்கும் இறக்கம். தலை குனிந்து, கால் வைக்கிற இடத்தை மட்டும் பார்த்து ஓடினேன்.

"தங்கச்சி, எறங்க வேணாம், நில்லுங்க."

நிமிர்ந்தேன். ஒரு குடைக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஹட்டனில் துணிக்கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா. தீபாவளிக்கு அவர் கடையில்தான் பிள்ளைகளுக்குத் துணி எடுப்போம். கையில் சிவப்புக் கொடி வைத்திருந்தார்.

"ரோட்டாலதான் போகணும். இப்பிடி."

நான் காலைப் பார்த்தேன். ரோட்டை விட்டு இரண்டு படி இறங்கியிருந்தேன்.

எங்கள் பக்கம் வராதவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். மலையில் ரோட்டு வெட்டியது லொறிக்கு. லொறி ஏற வேண்டும் என்பதற்காக அது பாம்பு மாதிரி வளைந்து வளைந்து போகும். கொழுந்து மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு யாரும் வளைவைச் சுற்றிப் போகமாட்டார்கள். ஒரு வளைவிலிருந்து கீழ் வளைவுக்குத் தேயிலைக்கு நடுவே கல்லுப் படி இருக்கும். ஆட்கள் படியில் இறங்குவார்கள், லொறி ரோட்டில் போகும். ஏழாம் நம்பர் மலையின் பெரிய வளைவை நான் முப்பது வருடத்தில் ஒரு நாளாவது நடந்திருக்கிறேனா என்றால், இல்லை. எனக்கு அந்த இடத்தில் பாதை என்றால் படிதான். வளைவு இருக்கிறது என்பதே காலுக்குத் தெரியாது.

"ஏன் நானா இங்க ஒக்காந்திருக்கீங்க?" என்று கேட்டேன். ஓடுகிற நேரத்தில் நின்று கேட்டேன்.

"போன வருசம் உள்ளூர் ஆளுங்கள்ல பாதிப் பேரு இதுல எறங்கிட்டாங்களாம். அதுக்குத்தான் என்னைய இங்க குந்த வெச்சிருக்காங்க. நீங்க போங்க தங்கச்சி, நேரம் போகுது."

போனேன். கால் ஓடியது, மற்றதெல்லாம் அந்தப் படியிலேயே நின்றுவிட்டது. போன வருடம் இந்த இடத்தில் நான் எப்படிப் போனேன் என்று நினைவுபடுத்திப் பார்த்தேன். மைதானத்தில் புறப்பட்டது நினைவிருந்தது. ஓடையில் சப்பாத்து நனைந்தது நினைவிருந்தது. இந்த வளைவு நினைவில் இல்லை. வளைவில் ஒரு பெரிய சவுக்கு மரம் சாய்ந்து நிற்கிறது. அதன் வேர் ரோட்டுக்குள் வந்து தடுக்கியது. இந்த வேரைப் போன வருடம் தாண்டியிருந்தால் மறந்திருக்கமாட்டேன். வளைவு முடிகிற மாதிரித் தெரிந்து மறுபடி நீண்டது. நான் ஒரு வருடம் காத்துவைத்த நாலு முப்பத்தொன்றுக்குள் இந்த ரோட்டு இல்லை.

கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாததால் இன்னும் வேகமாக ஓடினேன். இரண்டாவது பாயை மிதித்து மைதானத்துக்குள் வந்தபோது மேலே தொங்கிய பெரிய கடிகாரத்தில் நாலு முப்பத்தாறு.

வாழைப்பழம் கொடுத்தார்கள், வாங்கவில்லை. நேரம் எழுதுகிற மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அங்கே கொம்பியூட்டர் முன்னால் ஒரு சிங்களப் பெண் இருந்தாள். ஆட்கள் வந்து போய்க்கொண்டிருந்தார்கள். எல்லோரும் போகட்டும் என்று நின்றேன். பிறகு எல்லோரும் போய்விட்டார்கள், அப்போதும் நின்றேன். அவளே தலை நிமிர்ந்து என்ன வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். போன வருடம் நானும் படியில் இறங்கிவிட்டேன், தெரியாமல் இறங்கினேன், அந்த நேரத்தை வெட்டிவிடுங்கள்.

அவள் என் நம்பரைத் தட்டிப் பார்த்தாள். போன வருடத்துக் கணக்கு மூடியாகிவிட்டது, இனித் திறக்க முடியாது, நீங்கள் பரிசு எதுவும் எடுக்கவில்லையே, விட்டுவிடுங்கள் என்றாள். விடத்தான் பார்த்தேன். ஆனால் இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது.

"யார் எங்களக் காட்டிக் குடுத்தது, மிஸ்?"

அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு, யாரும் சொல்லவில்லை என்றாள். ஒரு பாய்க்கும் அடுத்த பாய்க்கும் நடுவில் உங்கள் ஆட்கள் எடுத்த நேரம் மிகவும் குறைவாக இருந்தது, முதலாவதாக வந்தவரைவிடவும் குறைவு, அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது என்றாள்.

முதலாவதாக வந்தவரைவிட. அதைக் கேட்டு ஒரு விநாடி பெருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

பக்கத்துக் காம்பராக்காரி எனக்கு ஏழு நிமிடம் பிந்தி வந்திருந்தாள். மைதானத்து ஓரத்துத் தண்ணீர்க் கானில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து சப்பாத்தை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு வருடத்தில் நானாகப் போய் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"போன வருசம் நா படியில எறங்கிட்டேன்," என்றேன்.

"தெரியும்."

"எப்பிடித் தெரியும்?"

"ஒங்க பின்னாலதான நானும் எறங்குனேன். நீங்க எறங்குனீங்க, நானும் எறங்கிட்டேன். மறுநாளு நீங்க காய்ச்சல்னு வேலைக்கு வரலல்ல? நா ஏழாம் நம்பர்லதான் கொழுந்தெடுத்தேன். பாத்தா வளைவு பூரா ரிப்பன் தொங்குது. அப்பத்தான் வெளங்குச்சு."

"ஒரு வருசமா தெரிஞ்சுகிட்டு சும்மா இருந்தியா?"

"சொன்னா நம்புவீங்களா? பொறாமையில சொல்றான்னு சொல்லுவீங்க. கெழங்கு குடுத்தாலே வெசம் இருக்கான்னு பாக்குற ஆளு நீங்க."

அவள் ஒரு காலில் ஏறியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தாள்.

"பெரட்டுல ஏன் குனிஞ்ச?" என்றேன்.

"நானும்தான எறங்குனேன். கங்காணி ரெண்டு பேரையும்தான சொன்னாரு. வெக்கமா இருக்காதா எனக்கு? ஒங்களுக்கு மட்டுந்தான் வெக்கமா?"

வீட்டுக்கு வந்து படுத்தபின் புதிதாக ஒன்று தொடங்கியது. போன வருடம் வளைவைச் சுற்றியிருந்தால் எனக்கு உண்மையில் எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? வளைவுக்கும் படிக்கும் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இந்த வருட ஓட்டம்தான் என் சிறந்த ஓட்டம். ஐந்துக்குக் குறைவு என்றால், ஒரு வருடம் பயிற்சி செய்து பின்னால் போயிருக்கிறேன். சரியாக ஐந்து என்றால் என்ன செய்வது என்று தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு தனியாக ஏழாம் நம்பர் மலைக்குப் போனேன். ஒரு தடவை படியில் இறங்கினேன், ஒரு தடவை வளைவில் ஓடினேன். எட்டு நிமிடம் வித்தியாசம் வந்தது. சந்தோசப்பட்டு அரைவழி திரும்பியபின் சந்தேகம் வந்தது. வித்தியாசம் கூட வர வேண்டும் என்று நானே வளைவில் மெதுவாக ஓடியிருப்பேனோ? மறுபடி போய் வளைவில் மூச்சு முட்ட ஓடினேன். இந்த முறை நாலரைதான். முப்பது கிலோமீட்டர் ஓட்டத்தில் யாராவது ஒரு வளைவை அப்படி ஓடுவார்களா? அதையும் சேர்க்க முடியாது.

கணவரிடம் சொன்னேன். "நீயே ஓடி நீயே நேரம் பாத்தா எப்பிடி? இன்னொரு ஆள நிறுத்தி வெச்சுட்டு ஓடு," என்றார்.

பக்கத்துக் காம்பராவில் போய்க் கேட்டேன். அவள் அடுப்பில் ரொட்டி போட்டுக்கொண்டிருந்தாள். நான் முழுக்கதையும் சொல்லி முடிக்கும் முன்பே சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். ஆனால் வந்தாள். ரொட்டியைத் துணியில் சுற்றிக் கையில் எடுத்துக்கொண்டே வந்தாள்.

மேல் வளைவில் இரண்டு பேரும் ஒன்றாக நின்றோம். கடிகாரத்தை அவளிடம் கொடுத்தேன். ஓட்டத்தில் இறங்குகிற மாதிரி அவள் படியில் இறங்க வேண்டும். கீழே போய்ச் சேர்ந்த நிமிடத்திலிருந்து எண்ண வேண்டும். நான் ஓட்டத்தில் ஓடுகிற மாதிரி வளைவைச் சுற்றி வருவேன். நான் வந்து சேரும்போது எத்தனை என்று சொல்ல வேண்டும்.

"எத்தன வரணும் ஒங்களுக்கு?" என்றாள்.

"அத ஒங்கிட்ட சொல்லமாட்டேன்."

"சொல்லாட்டி எனக்குத் தெரியாதா? அஞ்சுக்கு மேல. எனக்கும் அதுதான வேணும். நானும் போன வருசத்தவிட ரெண்டு மூணு நிமிசந்தான அக்கா கூட."

அதை நான் யோசித்திருக்கவில்லை. நானும் அவளும் ஒரே பக்கம் நிற்கிறோம். அவள் எண்ணுவதை எப்படி நம்புவது? ஆனால் அவள் அதற்குள் படியில் இறங்கிவிட்டாள். நானும் ஓடினேன். வேகமாகவும் இல்லை, மெதுவாகவும் இல்லை. சவுக்கு மரத்து வேரைத் தாண்டி, நீளமான பகுதியில் மூச்சை ஒரே மாதிரி வைத்துக்கொண்டு, கீழ் வளைவுக்கு வந்தேன். அவள் படியின் அடியில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தாள்.

"ஏழு," என்றாள்.

நான் கையை நீட்டினேன். அவள் கோபப்படவில்லை. கடிகாரத்தை என் கண்ணுக்கு நேரே பிடித்தாள். "பாருங்க. பாக்காம விடமாட்டீங்கன்னு தெரிஞ்சுதான் முள்ளு நகருறதுக்குள்ள காட்டுறேன்."

ஆறு நிமிடமும் இருபது விநாடியும். நாலு முப்பத்தொன்றோடு அதைக் கூட்டினேன். நாலு முப்பத்தேழு சொச்சம். இந்த வருடம் நாலு முப்பத்தாறு. ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட முன்னேறியிருக்கிறேன்.

"இப்ப சரியா?" என்றாள்.

"நீ ஏழுன்னு சொன்ன."

"ரொட்டி தின்னுகிட்டே பாத்தேன்."

"படியில எப்பிடி எறங்குன? ஓட்டத்துல எறங்குற மாதிரியா, பறந்துகிட்டா? நீ வேகமா எறங்கியிருந்தா ஒரு நிமிசம் கூடக் காட்டும்."

அவள் மிச்ச ரொட்டியில் பாதியைப் பிய்த்து என் கையில் வைத்தாள்.

"இத மொதல்ல தின்னுங்க. தின்னுட்டு, நீங்க படியில எறங்குங்க. நா ரோட்டுல வாறேன்."

ரொட்டியில் மிளகாயும் வெங்காயமும் போட்டிருந்தாள். தின்று முடித்து, இரண்டு பேரும் மேலே ஏறினோம்.